திருத்துவதா, மாற்றுவதா?

பழுதடைந்த ஒரு பொருளைத் திருத்துவதா, வீசிவிட்டுப் புதிதாக வாங்குவதா என்ற கேள்வியை நாம் கடைக்காரரிடம் கேட்கிறோம். அல்லது நமது பணப்பையிடம் கேட்கிறோம். அது ஓர் ஒழுக்கவியல் கேள்வியென நமக்குத் தோன்றுவதில்லை. தமது செருப்பைத் தாமே தைத்துக்கொண்ட நபியின் (ஸல்) உம்மத்தினர் நாம். ஆயினும் ஒட்டுப்போட்டதைப் பாவிப்பது வறுமையின் அடையாளம் என்ற எண்ணம் நம்மூர்களிலும் வேரூன்றிவிட்டது.

சொந்த வீட்டில் விடை காண்பது இலகு. மின்விசிறி என்னுடையது, நட்டம் வந்தால் அதுவும் என்னுடையது. பொருள் இன்னொருவருடையதாகும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

எங்கள் பள்ளிவாசலின் கிணற்று மோட்டரை எடுத்துக்கொள்வோம். குவைத்தில் பல வருடங்கள் வீட்டுவேலை செய்து திரும்பிய ஓர் உம்மா, மரணித்த தன் மகனின் பேரில் வக்பு செய்தது அது. இருமுறை எரிந்து, இருமுறையும் கொயில் சுற்றப்பட்டது. மூன்றாம் முறையும் எரிந்தபோது நிர்வாக சபை இரண்டாகப் பிரிந்தது. வீண்விரயம் கூடாது என்றனர் சிலர். ஒவ்வொரு சுபஹுக்கும் வாளியால் அள்ளுவதா என்றனர் மற்றவர்கள். இரு தரப்பாரும் ரூபாய்க் கணக்கையே பேசினர். அந்த உம்மாவின் ஹக்கைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை.

ஷாபிஈ மத்ஹபு இவ்விடயத்தில் கண்டிப்பானது. பள்ளிப் பணத்தில் வாங்கிய பாயையும் ஒருவர் வக்பு செய்த பாயையும் அது ஒன்றாகப் பார்ப்பதில்லை. வக்பு செய்த பாய் நைந்து எரிப்பதற்கன்றி உதவாது என்ற நிலை வந்தாலே விற்கலாம் என்பது இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' தரும் தீர்ப்பு. ஹனபி மத்ஹபில் நிபந்தனைகளுடன் மாற்றீட்டுக்குக் கூடுதல் இடமுண்டு. எனக்கு நமது மத்ஹபின் கண்டிப்பே பிடித்தமானது. 'பழையது' என்ற ஒரு சொல்லோடு எதையும் கைமாற்றலாம் என்றிருந்தால் வக்பு என்ற ஒன்றே மிஞ்சாது.

ஆனால் கொயில் மாறியது, பெயாரிங் மாறியது, கெப்பாசிட்டரும் மாறியது. இது இன்னும் அந்த உம்மா தந்த மோட்டர்தானா? தீசியஸின் கப்பற் பலகைகளை ஏதென்ஸ் நகரத்தார் மாற்றி மாற்றிப் பேணியதைப் பற்றி எழுதிய புளூட்டார்க், இதே கேள்வியில் தத்துவவாதிகள் பிளவுபட்டதையும் சொல்கிறார். நாம் ஏதென்ஸ் வரை போகவேண்டியதில்லை. 1630இல் பெருவெள்ளத்தில் கஃபாவின் சுவர்கள் இடிந்து, உஸ்மானிய சுல்தான் நான்காம் முராதின் காலத்தில் மீளக் கட்டப்பட்டன. இன்றும் அது இப்ராஹீம் நபி (அலை) எழுப்பிய வீடுதான் நமக்கு. அந்த உம்மாவின் நன்மையும் ஹவ்ழுக்கு வரும் நீரோடு போகிறது என்றே நான் கருதுகிறேன். இரும்பு அதற்கு வாகனம்.

அப்படியானால் எப்போது மாற்றுவது? கொயில் சுற்றும் பாஸ் தன் வருமானத்துக்கு எதிராகவே பேசினார்: "சேர், சுத்தித் தாறன், எனக்குத் தொழில்தானே. ஆனா உள்ளுக்குத் தகடெல்லாம் வெந்து போச்சு, இனி சூடு கூடும். எரியிறதுக்கு முந்தியே கரண்ட் லீக்காகியிருக்கு."

மோட்டர் எரியும்போது இரும்புத் தகடுகளுக்கிடையிலான காவற்பூச்சு கெடுகிறது. பிறகு மின்சாரம் வெப்பமாகக் கழிகிறது. வீண்விரயத்துக்கு அஞ்சித் திருத்தியவர்கள் மாதாமாதம் மின்கட்டணத்தில் விரயம் செய்கிறார்கள். அதையாவது பொறுக்கலாம். 230 வோல்ற் கசியும் இடத்தில், ஈரத்தரையில், வெறுங்காலோடு குர்ஆன் மத்ரஸாப் பிள்ளைகள் நிற்கிறார்கள். 30 மில்லிஅம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச்கூட அங்கில்லை. பிறர் உயிர் நடுவில் வந்தபின் சிக்கனம் பேசும் உரிமை நமக்கில்லை. ஆகவே மாற்றுவதே சரி என்று சபையில் சொன்னேன்.

கொழும்பில் வியாபாரம் செய்யும் எங்களூர் ஹாஜியார் ஒருவர் புதிய மோட்டர் தர முன்வந்தார், தன் பெயர்ப்பலகையுடன். அப்போதுதான் எனக்கு நெஞ்சு உறுத்தியது. பழைய மோட்டரை நிறுத்து விற்கும் காசு, புதியதன் முதற்பங்காக அந்த மகனின் பேரில் கணக்குப் புத்தகத்தில் பதியப்படவேண்டும். மிகுதியை ஹாஜியார் தரட்டும் என்றேன். சில்லறைக் காசுக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று ஒருவர் சிரித்தார்.

சபை இன்னும் முடிவெடுக்கவில்லை. மோட்டர் உரப்பையில் கட்டப்பட்டு முஅத்தினின் அறையில் கிடக்கிறது.