பெற்று வாழும் ஓடை



வார நாள் காலைத் திருப்பலிக்கு வருகிறவர்களில் வயதானவர்கள்தான் அதிகம். உங்களில் பலர் மகன் அனுப்பும் பணத்தில் மாத்திரை வாங்குகிறீர்கள், மருமகள் வைக்கும் சோற்றைச் சாப்பிடுகிறீர்கள். "யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது சாமி, அதுக்கு முன்னால ஆண்டவர் என்னை எடுத்துக்கணும்" என்று கோயில் வாசலில் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. வாங்கி வாழ்வது அவ்வளவு வெட்கமான காரியமா?

இன்றைய வாசகத்தில் எலியா கெரீத்து ஓடையோரம் ஒளிந்திருக்கிறார். விதைக்கவில்லை, அறுக்கவில்லை. காலையிலும் மாலையிலும் காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தன. ஓடை தண்ணீர் தந்தது. திருச்சட்டப்படி காகம் தீட்டான பறவை. அதன் அலகிலிருந்து வாங்கிச் சாப்பிட்டவர் ஆண்டவரின் இறைவாக்கினர்! அவர் முகம் சுளித்ததாக மறைநூலில் ஒரு வார்த்தை கூட இல்லை.

ஓடை என்றதும் எனக்கு இன்னோர் ஓடை நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹப்பர்டு புரூக் காட்டுக்குள் பேர் புரூக் என்ற சிற்றோடை ஓடுகிறது. ஃபிஷர், லைக்கன்ஸ் என்ற இரண்டு அறிஞர்கள் அதன் வரவு செலவைக் கணக்கெடுத்து 1973-இல் வெளியிட்டார்கள். அந்த ஓடையில் வாழும் உயிர்களுக்குக் கிடைக்கும் ஆற்றலில் 99 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. கரையோர மரங்கள் உதிர்க்கும் இலை, சுள்ளி, நிலத்தடி நீரில் கரைந்து வரும் சத்து, அவ்வளவுதான். மர நிழலில் வெயில் படாததால் ஓடை தானாக விளைவிப்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அதுவும் கல்லில் படரும் பாசி தருவது.

விழுந்த இலை அங்கே குப்பையாகக் கிடப்பதில்லை. முதலில் அதன் சாறு தண்ணீரில் கரைகிறது. பிறகு பூஞ்சையும் பாக்டீரியாவும் இலையில் பற்றி, அதை மென்மையாக்குகின்றன. அப்படிப் பதமான இலையைத்தான் நீர்ப்பூச்சிகளின் புழுக்கள் விரும்பிக் கடித்துத் தின்கின்றன. அவை சிந்தும் துணுக்குகள் கீழே மிதந்துபோக, அங்கே காத்திருக்கும் வேறு புழுக்கள் அவற்றை வடிகட்டிப் பிடிக்கின்றன. அந்தப் புழுக்களை மீன் தின்கிறது. ஐயாயிரம் பேர் உண்டபின் மீதித் துண்டுகளை வீணாக்காமல் சேர்க்கச் சொன்ன ஆண்டவரின் கை இங்கேயும் தெரிகிறதல்லவா?

ஆறும் மூச்சு விடுகிறது. பகலில் பாசியும் நீர்ச்செடியும் ஆக்சிஜனைத் தருகின்றன. அங்குள்ள உயிர்களெல்லாம் இரவு பகலாக அதை எடுத்துக்கொள்கின்றன. நிழலோடையில் தருவதைவிட எடுப்பது அதிகம். அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. காட்டுக்குள் ஓடும் ஓடையின் இயல்பே அது. (சாக்கடை கலந்து மூச்சுத் திணறும் ஆறு வேறு கதை. அந்தப் பாவத்துக்கு நாம் ஒருநாள் தனியாகக் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.)

அன்புக்குரியவர்களே, ஒடுங்கிப் போன வயதில் கொடுப்பதைவிட வாங்குவது கூடிவிட்டதென்றால், ஆண்டவர் உங்களைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டதா? இல்லை. தொடக்கத்திலிருந்தே அவர் கொடுத்ததில்தான் வாழ்ந்தோம். வேலைக்குப் போன நாள்களில் அது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். வட கரோலினாவின் கொவீட்டா என்ற காட்டில், 1993-இல் ஆய்வாளர்கள் ஓர் ஓடையின் மேல் வலை கட்டி இலை விழாமல் தடுத்தார்கள். தண்ணீர் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இலை தின்னும் பூச்சிகள் குறைந்தன. அவற்றைப் பிடித்துத் தின்னும் பூச்சிகளும் குறைந்தன. நாமும் அப்படி வலை கட்டுகிறோமா? "உன் உதவி எனக்கு வேண்டாம்" என்று மகளிடம் முகம் திருப்புவதும், பல ஆண்டுகளாக ஒப்புரவு அருளடையாளத்துக்கு வராமல் இருப்பதும் அந்த வலைதான். நாம் கட்டினாலும் இறை இரக்கம் உதிர்வதை நிறுத்துவதில்லை. வலையை அவிழ்க்கத் துணியாதவர்கள் அவிழ்க்கும் வரம் கேளுங்கள். அதையும் அவர் தருவார்.

வாங்கியது நம்மோடு நின்றுவிடுவதுமில்லை. டென்னசியின் வாக்கர் பிராஞ்ச் ஓடையில் பாஸ்பரஸ் சத்தைத் தடம் தொடர்ந்து பார்த்தார்கள். முடிவு 1983-இல் வந்தது. தண்ணீரிலிருந்து உயிர்களுக்குள் போய் மறுபடி தண்ணீருக்கு வரும் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 18 நாள் ஆகிறது. அதற்குள் அது கீழ்நோக்கி நகர்வது 190 மீட்டர்தான். வெறும் தண்ணீராக இருந்தால் சில மணி நேரத்தில் கடந்துவிடும் தூரம். கல்லும் இலையும் பாசியும் அதைப் பிடித்துவைத்து, பயன்படுத்தி, விடுகின்றன. ஒவ்வொரு கையிலும் கொஞ்ச நாள் தங்கித்தான் சத்து கடலுக்குப் போகிறது.

அதனால் வரும் முதல் வெள்ளியன்று ஒன்று செய்யலாம் என்றிருக்கிறேன். வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும்போது, நம் பங்கில் தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போவோம். ஆளுக்கு ஐந்து பெயர் கொடுத்து, இவர்களுக்காகச் செபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு என்று கேட்போம். பிள்ளைகளின் பெயர்களை ஞாயிறு திருப்பலி முடிந்ததும் சக்கரிஸ்தில் வந்து கொடுங்கள். ஆமென்.