பொட்டு வைத்த ஸ்பேனர்

ஆயுத பூஜைக்கு என் ஸ்பேனருக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். அடுத்த வாரமே அப்பாவின் மோட்டாருக்கு முன் பிரேக் பேட் மாற்ற உட்கார்ந்தேன். பொறியியல் படிக்கிறவன், பட்டறைக்கு எதுக்குக் காசு என்ற மிதப்பு! காதில் பாட்டு வேறு.

புது பேட் தடிமனா இருக்கும். அதை நுழைக்க பிஸ்டனை உள்ளே தள்ளணும். மாட்டி முடித்ததும் பிரேக் லீவரைப் பலமுறை அழுத்தி, பிஸ்டனை மறுபடி பேடோடு சேர்க்கணும். அதைத்தான் மறந்துட்டேன்.

விடியற்காலை 5 மணி. அப்பா வேலைக்குக் கிளம்பினார். லீவர் கைப்பிடி வரைக்கும் போச்சு, பிரேக் பிடிக்கல. பின் பிரேக்கை மிதித்தும் கேட் தூணில் மோதி விழுந்தார். முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். கேட்டைத் தாண்டினால் லோரிகள் ஓடும் சாலை.

கீதையின் 2-ஆம் அத்தியாயத்தில் கண்ணபிரான், செயலில் திறமையே யோகம் என்கிறார். அது பரீட்சைக்கும் வேலைக்கும் சொன்னது என்றுதான் நினைத்திருந்தேன். ஸ்பேனருக்குப் பொட்டு வைத்த எனக்கு, அதைப் பிடிக்கும்போது மனசை அங்கே வைக்கத் தெரியல. அப்புறம் அது என்ன பூஜை?

அப்பா திட்டல. ஆனா இப்பவும் கிளம்பும் முன் லீவரை இரண்டு தடவை அழுத்திப் பார்க்கிறார். நான் பக்கத்தில் நிற்கிறேன்.