உங்கள் சாட்சியை யார் எழுதுவது?



சின்ன வயதில் பட்ட காயத்தைப் புஸ்தகமாக எழுத விரும்புகிறவர்கள் நம் சபைகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் காதில் இரண்டு சத்தம் கேட்கிறது. "குடும்ப மானம் போயிடும், வாயைத் திறக்காதே" என்கிறது ஒன்று. "மேடையில வந்து சொல்லும்மா, ஜனங்க கண்ணீர் விடுவாங்க" என்கிறது மற்றொன்று. ஒன்று வாயை அடைக்கிறது. ஒன்று காயத்தை விற்கிறது. தேவப்பிள்ளையே, ஆண்டவருடைய சத்தம் எது?

வியட்நாம் தேசத்தில் ட்ராங் பாங் என்ற ஊர். 1972 ஜூன் 8-ம் தேதி, தென் வியட்நாம் விமானப்படையின் விமானம் ஒன்று சொந்த ஜனங்கள் மேலேயே நேபாம் என்ற நெருப்புக் குண்டைப் போட்டது. கிம் ஃபுக் என்ற 9 வயதுச் சிறுமி, எரிந்த உடைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, வெந்த உடம்போடு சாலையில் ஓடி வந்தாள். அந்தப் படத்தை உலகமே பார்த்தது. 14 மாதம் ஆஸ்பத்திரி. 17 அறுவைச் சிகிச்சைகள்.

பிழைத்தாள். ஆனால் அவள் கதை அவள் கையில் இல்லை! யுத்தம் 1975-ல் முடிந்தது. டாக்டராக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தவளைப் புதிய அரசாங்கம் படிப்பிலிருந்து இழுத்து, வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் முன்பாக நிறுத்தியது. அவர்களுக்கு அவள் ஒரு விளம்பரப் பலகை. உள்ளமோ கசப்பால் நிறைந்திருந்தது.

1982-ல் சைகோன் நகரத்து நூலகம் ஒன்றில் புதிய ஏற்பாடு அவள் கையில் கிடைத்தது. காவோ தாய் மதத்தில் வளர்ந்தவள், அந்த வருஷக் கிறிஸ்துமஸ் நாட்களில் ஒரு சின்னச் சபையில் தன்னை இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தாள். அல்லேலூயா!

அடுத்த நாளே புஸ்தகம் எழுதினாளா? இல்லை. 1992-ல் கணவரோடு போன விமானம் எரிபொருள் நிரப்ப கனடாவில் இறங்கியபோது, அங்கேயே அடைக்கலம் கேட்டாள். 1996-ல் வாஷிங்டனில், வியட்நாம் யுத்த நினைவுச் சின்னத்தின் முன்பாக, பழைய போர்வீரர்கள் நடுவில் நின்று மன்னிப்பைப் பேசினாள். அவள் வாழ்க்கையை டெனிஸ் சோங் என்ற எழுத்தாளர் 1999-ல் புஸ்தகமாக்கினார். ‘ஃபயர் ரோடு’ என்று அவள் தன் சொந்த வாயால் சொன்ன சாட்சி வெளிவந்ததோ 2017-ல். குண்டு விழுந்து 45 வருஷம் கழித்து! அப்போதும் வலி தீரவில்லை. தழும்புகளுக்காக 2015-ல்தான் லேசர் சிகிச்சையே ஆரம்பித்திருந்தாள். எல்லாம் சுகமான பிறகுதான் சாட்சி சொல்ல வேண்டும் என்று யார் சொன்னது?

வேதத்திலே யோசேப்பைப் பாருங்கள். 17 வயதில் சொந்த அண்ணன்மார் விற்றுப்போட்டார்கள். சிறைச்சாலையில் பானபாத்திரக்காரனிடத்தில் தன் கதையைச் சொன்னபோது (ஆதி. 40:15), எபிரெயர் தேசத்திலிருந்து தான் களவாய்க் கொண்டுவரப்பட்டதைச் சொன்னான், அண்ணன்மார் பெயரைச் சொல்லவில்லை. 45-ம் அதிகாரத்தில் எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, சகோதரர் முன்னால் உண்மையைப் போட்டு உடைத்தான்: என்னை விற்றது நீங்கள்தான்! உண்மையை அவன் மறைக்கவும் இல்லை, எகிப்தியருக்கு வேடிக்கையாக்கவும் இல்லை. யாரிடம், எப்போது, எவ்வளவு என்பதை யோசேப்பே தீர்மானித்தான்.

தாமாருக்கோ அந்தச் சிலாக்கியம் கிடைக்கவில்லை (2 சாமு. 13). அம்னோன் அவளைக் கெடுத்தான். அவள் சும்மா இருக்கவில்லை. தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு சத்தமிட்டு அழுதாள். அவளை மௌனமாயிருக்கச் சொன்னது யார்? உடன்பிறந்த அப்சலோம்! தாவீது ராஜா கோபப்பட்டதோடு சரி. என்ன ஆச்சு? மகள் வீட்டுக்குள்ளே பாழாய்க் கிடந்தாள். இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் இரத்தம் சிந்தப்பட்டது. மூடி வைத்த புண் ஆறாது, பிரியமானவர்களே, உள்ளேயே அழுகும்.

ஆகவே எழுத விரும்புகிறவர்களே, மூன்று காரியங்களை ஜெபத்தில் வையுங்கள்.

1. முதலில் ஆண்டவருக்கு முன்பாகவும் நம்பத்தக்க ஒருவரிடத்திலும் சொல்லி அழுங்கள். காகிதம் பிறகு வரட்டும். மனநல மருத்துவரிடம் போவது அவிசுவாசம் அல்ல.

2. புஸ்தகம் வந்தால் ஊர் ஊராகப் பேசக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு மேடையிலும் அந்தக் காயத்தை மறுபடியும் தொட வேண்டிவரும். எதைச் சொல்லமாட்டேன் என்பதை முன்னமே தீர்மானியுங்கள். அம்மா, தங்கை, தம்பி இவர்களுடைய கதை உங்கள் கதைக்குள் இருக்கிறது; அவர்களிடம் கேளுங்கள்.

3. மன்னிப்பு குற்றத்தை மறைப்பதல்ல. இன்று ஒரு பிள்ளைக்கு வீட்டிலோ சபையிலோ பாலியல் கொடுமை நடக்கிறதா? புஸ்தகத்துக்குக் காத்திராதீர்கள்! 2012-ம் வருஷத்து போக்சோ சட்டப்படி, தெரிந்தவர்கள் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். 1098 என்ற எண்ணில் குழந்தைகளுக்கான உதவி கிடைக்கும். போதகரானாலும் மூப்பரானாலும் மூடி மறைக்க யாருக்கும் அதிகாரமில்லை.

சபையாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆயத்தமாகாத ஆத்துமாவை மேடைக்கு இழுக்காதீர்கள். கன்வென்ஷன் நோட்டீஸில் ஒருவருடைய கண்ணீரை விளம்பரமாக அச்சடிக்காதீர்கள். சொல்ல வந்தவளை அப்சலோமைப்போல அடக்காதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். அதுவும் ஊழியமே.

ஜெபிப்போமா? "அன்பின் ஆண்டவரே, சின்ன வயதிலே நொறுக்கப்பட்டு, இன்றுவரை யாரிடமும் சொல்லாத உம்முடைய பிள்ளைகளை நினைத்தருளும். உமது வேளையில் அவர்கள் வாயைத் திறந்தருளும். அதுவரை எங்கள் வாய்க்குக் காவல் வையும். எங்கள் காதுகளைத் திறந்தருளும். இயேசுவின் நாமத்தில் ஆமென்."