யாரும் மதிப்பெண் போடாத வேலை

சிங்கப்பூரின் காத்தோங்கில் ஈஸ்ட் கோஸ்ட் ரோடு பக்கம் போகிறவர்கள், பெரனாக்கான் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் மணி கோத்த செருப்புகளைப் பார்த்திருப்பார்கள். 'காசுட் மானெக்' என்று பெயர். கடுகைவிடச் சிறிய கண்ணாடி மணிகளை, சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் ஒவ்வொன்றாகத் தைத்துப் பூவும் பறவையுமாக எழுப்பும் வேலை. அந்தக் காலத்தில் இது பொழுதுபோக்கே அல்ல. நோன்யா எனப்படும் பெரனாக்கான் பெண்ணின் பொறுமையையும் வளர்ப்பையும் அவள் மணிவேலையை வைத்தே மாப்பிள்ளை வீட்டார் எடை போட்டார்கள். கல்யாணத்துக்கு முன் அவள் எழுத வேண்டிய பரீட்சை அது. பெண்கள் படிக்கவும் வேலைக்கும் போகத் தொடங்கியதும் அந்தப் பரீட்சை தேவையற்றுப் போனது, மணிவேலையும் வீடுகளிலிருந்து மெல்ல மறைந்தது. இன்று அதே வட்டாரத்தில் அதைப் பணம் கட்டிக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். கட்டாயம் போன பிறகும் விரும்பி வந்து உட்காரும் அந்தக் கைகள்தான் என்னை யோசிக்க வைக்கின்றன. வளர்ந்த மனிதர் ஒவ்வொருவருக்கும், யாரும் மதிப்பெண் போடாத கைவேலை ஒன்றாவது வேண்டும் என்று நான் நம்புகிறேன். சூடான முனையால் மரத்தில் வரையும், இப்போது பலர் தொட்டுப் பார்க்கும் மரச்சூட்டு ஓவியம் அதற்கு நல்ல தொடக்கம்.

சிங்கப்பூரில் இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுதும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்குக் குடும்பமே சேர்ந்து படிக்கும் ஊர் இது. அந்தப் பாரம் அரசுக்கும் தெரியும். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பிள்ளைகளை வரிசைப்படுத்திய பழைய முறை 2021-ல் மாறியது. 2023-க்குள் தொடக்கநிலை, உயர்நிலை வகுப்புகள் எல்லாவற்றிலும் அரையாண்டுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு, 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள் 2016 முதல் பயிற்சி வகுப்புகளுக்குப் பயன்படுத்தும்படி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 500 வெள்ளி போட்டார்கள். நல்ல திட்டம், பலரைக் கரை சேர்த்த திட்டம். ஆனால் எதைக் கற்றாலும் அது வேலைக்கு உதவ வேண்டும் என்ற எண்ணத்தையும் அது சத்தமில்லாமல் ஊன்றிவிடுகிறது. நம் தமிழ் வீடுகளிலும் பரதம் என்றால் அரங்கேற்றம் எப்போது, வீணை என்றால் எத்தனையாவது கிரேடு என்றுதானே கேட்கிறோம்? நாற்பது வயதில் புதிதாக ஒன்றைத் தொடக்கூடப் பலர் கூசுவதற்கு இந்தப் பழக்கமே காரணம் என்பேன்.

மரச்சூட்டு வேலையில் கருவி என்பது சால்டரிங் கம்பி போன்ற ஒரு பேனாதான். முனை சூடேறச் சில நிமிடம் ஆகும். மரம் வெளிர் நிறமாக, நெருக்கமான இழையோடு இருந்தால் புதியவருக்கு நல்லது. பாஸ்வுட் பலகையோ பிர்ச் பிளைவுட்டோ போதும். முதலில் உப்புத்தாளால் நன்றாக வழவழப்பாக்க வேண்டும். பைன் பலகையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அதன் மிருதுவான வெளிர் பட்டையில் முனை சட்டென்று இறங்கிக் கருக்கும். அடுத்த கணமே கெட்டியான வளையத்தில் தட்டித் தயங்கும். ஒரே அழுத்தம், ஒரே வேகம், ஆனாலும் கோடு திட்டுத் திட்டாக வரும். எந்த மரமானாலும் முனையை வைத்துவிட்டு அரை நொடி யோசித்தால் அந்த இடத்தில் கரும்பொட்டு விழும். ஆகவே கை நகர்ந்துகொண்டிருக்கும்போதே மரத்தைத் தொட வேண்டும், நகரும்போதே எடுக்க வேண்டும். நிறத்தை அடர்த்தியாக்குவது அழுத்தமல்ல, நிதானம். இதை எந்த ஆசிரியரும் திருத்திச் சொல்ல வேண்டியதில்லை. மரமே அந்தக் கணத்தில் சொல்லிவிடுகிறது. அந்தப் பதிலில் பாராட்டும் இல்லை, அவமானமும் இல்லை. மதிப்பெண் இல்லாமலும் ஒழுங்கைக் கற்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மதிப்பெண் இல்லையென்றால் அரைகுறை வேலைக்கு அது சாக்காகிவிடாதா என்று கேட்கலாம். மூங்கிலில் புல்லாங்குழல் செய்கிறவரும் காய்ச்சிய கம்பியால்தான் துளை போடுகிறார். துளை கொஞ்சம் நகர்ந்தால் சுருதி போயிற்று, மூங்கிலும் வீண். அவருக்குப் பிழை செய்ய இடமில்லை, ஏனென்றால் அந்தக் குழலை நம்பி ஒரு கலைஞரின் கச்சேரியே இருக்கிறது. தொழிலில் அந்தக் கறார் நியாயமானது. அதையே ஞாயிற்றுக்கிழமை மாலையில் சாப்பாட்டு மேசை மீதும் கொண்டு வந்து வைப்பதுதான் தவறு. கோணலான கோட்டைப் பார்த்து அடுத்த பலகையை எடுக்கிறவர் அலட்சியக்காரர் அல்ல. தன் கோட்டை அவர்தான் மிக உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. ஓய்வு இருப்பவர்களுக்குத்தானே இதெல்லாம்? உண்மைதான். இந்த ஊரின் வீட்டுப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் விடுப்பு என்பதே 2013-ல்தான் சட்டமாகத் தொடங்கியது. அதையும் பணம் கொடுத்து ஈடுகட்டலாம் என்றிருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது அப்படி வாங்கிவிடக் கூடாது என்ற விதி 2023-ல் வந்தது. அந்த விதியை நான் பெரிதாக மதிக்கிறேன். காசுக்கு மாற்றக் கூடாத நேரம் மனிதருக்கு உண்டு என்று அது ஒப்புக்கொள்கிறது. ஓய்வு சிலருக்கே கிடைக்கிறது என்பது ஓய்வைப் பரவலாக்கக் காரணமாகலாமே தவிர, கிடைத்தவர் அதைக் குற்ற உணர்வோடு வீணாக்கக் காரணமாகாது.

மரம் சுடும்போது எழும் புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், அடுக்குமாடி வீட்டில் அது சின்ன விஷயமல்ல. ஜன்னலோரம் உட்கார்ந்து, மின்விசிறியைப் புகை வெளியே இழுக்கப்படும்படி திருப்பி வைக்கலாம். காற்று நேரே முனையில் பட்டால் சூடு குறைந்துவிடும். பெயின்ட் அடித்த பலகை, மருந்து ஏற்றிய மரம், பசை கலந்த எம்டிஎஃப் பலகை, இவற்றை ஒருபோதும் சுடக் கூடாது.

கொஞ்சம் கை வந்ததும், "இதை விற்கலாமே!" என்று உறவினர் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் விற்கத் தொடங்கினால் வாங்குகிறவர் கேட்பதையே செய்ய வேண்டும்: வீட்டுப் பெயர்ப்பலகை, கல்யாணத் தேதி, திரும்பவும் வீட்டுப் பெயர்ப்பலகை. பைன் பலகையின் கெட்டி வளையத்தில் கை ஏன் தட்டியது என்று இன்னொரு முறை பார்க்க அப்புறம் நேரம் இருக்காது.