கேளாத கடன்காரர்

தமிழில் 'கடன்' என்னும் சொல் வாங்கிய பொருளையும் குறிக்கும். ஆற்ற வேண்டிய கடமையையும் குறிக்கும். பல கடன்கள் ஒருங்கே நெருக்கும்போது எதனை முதலில் தீர்ப்பது என்பது பழைய வினா. அதனை நம் காலத்தில் புதிதாக எழுப்பியிருப்பவர், ஸ்காட்லாந்தில் வாழும் மலையோட்ட வீராங்கனை ஜாஸ்மின் பாரிஸ்.

இவர் கால்நடை மருத்துவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றுபவர். இரு குழந்தைகளின் தாய். 2019 ஜனவரியில் பென்னைன் மலைவழியே 268 மைல் ஓடும் 'ஸ்பைன்' பந்தயத்தில், ஆடவர் பெண்டிர் அனைவரையும் முந்தி, 83 மணி 12 நிமிடத்தில் எல்லையை அடைந்தார். முந்தைய சாதனையினும் இது 12 மணி நேரம் குறைவு. அப்பொழுது மூத்த மகளுக்கு 14 மாதம். இடைநிலையங்களில் தாய்ப்பாலைக் கருவியால் எடுத்துவிட்டு, மீண்டும் குளிரிலும் இருளிலும் இறங்கினார். முனைவர் பட்டத்துக்கான ஆய்வேடும் முடிவுறாமல் காத்திருந்தது. செய்தித்தாள்கள் ஆய்வேட்டை விடப் பாலையே பெரிதாக எழுதின. 'குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்?' என்னும் கேள்வி தந்தையர் ஓடும்போது எழுவதில்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

2024 மார்ச்சில் அமெரிக்காவின் டென்னசிக் காட்டில், 60 மணி நேரத்துக்குள் ஐந்து சுற்று முடிக்க வேண்டிய 'பார்க்லி' ஓட்டத்தை, 99 விநாடி மட்டுமே எஞ்சியிருக்க முடித்தார். 1986-இல் தொடங்கிய அவ்வோட்டத்தை அதற்குமுன் பெண் எவரும் முடித்ததில்லை.

இத்தகையவர் 2022-இல் நண்பர்களுடன் 'கிரீன் ரன்னர்ஸ்' என்னும் அமைப்பையும் தொடங்கினார். பயணம், உடை, உணவு ஆகியவற்றால் நிலவுலகுக்கு நேரும் கேட்டைக் குறைப்பதும், அது குறித்து வாய்திறந்து பேசுவதும் அதன் நோக்கங்கள். 'அட்லாண்டிக் கடந்து ஓடச் செல்பவர் புகையைப் பற்றிப் பேசலாமோ?' என்று கேட்போர் உண்டு. மரக்கன்று நடும் விழாவுக்குத் தனித்தனிக் காரில் வந்திறங்குவோரை அலுவலக வாயிலில் கண்டு நகைத்தவர்கள்தாமே நாமும்! ஆயினும், மாசற்றவரே பேச வேண்டும் என்று விதித்தால் பேச்சு அடங்கும், புகை அடங்காது. அதற்காக, பேசிவிட்டதனாலேயே கடன் தீர்ந்தது என்றும் கொள்ளலாகாது.

இக்கடன்கள் ஒரே தன்மையன அல்ல என்பதே நம் கருத்து. குழந்தை அழுது கேட்கும். அலுவலகம் குறிப்பாணை அனுப்பிக் கேட்கும். பந்தயத்துக்கோ கடிகாரம் உண்டு. காற்றும் நீரும் மலையும் வாயிலில் வந்து நிற்பதில்லை. எனவே கேட்பவர்க்கெல்லாம் கொடுத்தபின் எஞ்சுவதே அவற்றுக்குக் கிடைக்கிறது. பெரும்பாலும் ஒன்றும் எஞ்சுவதில்லை. ஊரில் தனித்திருக்கும் நம் பெற்றோரும் இவ்வகைக் கடன்காரரே. 'வேலை இருந்தால் வரவேண்டாம்' என்றே அவர்கள் எழுதுவார்கள்.

துலாக்கோலைப் போல் நான்கையும் சமன்செய்தார் என்று இவரைப் புகழ்வோரோடு நாம் உடன்படோம். ஓடும்போது ஓட்டம் மிகுந்தது. வேறொரு நாளில் வீடு மிகுந்திருக்கும். நாம் அவரிடம் காண்பது சமனிலை அன்று. கேளாத கடன்காரரின் பெயரையும் கணக்கேட்டில் எழுதிவைத்த செயல். எழுதிய கணக்கை அவரும் முழுதும் தீர்த்துவிடவில்லை. தில்லியின் நவம்பர்ப் புகையில் இருமும் நம் பிள்ளைகள், நம் கணக்கேட்டைப் புரட்டிப் பார்க்கும் வயதை அடைந்து வருகிறார்கள்.