ஒடித்து நட்ட கள்ளி: அதே உயிரா, வேறு உயிரா?

நிஷாகந்திச் செடியிலிருந்து ஒரு சாண் நீளத் துண்டு ஒன்று வெட்டப்படுகிறது. நான்கைந்து நாள் நிழலில் கிடக்கிறது. பிறகு பக்கத்து வீட்டுத் தொட்டியில் நடப்படுகிறது. சில வாரங்களில் வேர் பிடிக்கிறது. தாய்ச்செடி பழைய இடத்திலேயே நிற்க, துண்டும் தனிச்செடியாகி நிற்கிறது. இப்போது இருப்பது ஓர் உயிரா, இரண்டு உயிர்களா? இரண்டு என்றால் இரண்டாவது எப்போது வந்தது? கத்தி பட்டபோதா, வேர் விட்டபோதா? ஒன்றுதான் என்றால் ஓர் உயிர் இரண்டு வீடுகளில் எப்படி இருக்கும்?

கள்ளி வளர்ப்பவர் ஒவ்வொருவர் கையிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. மனிதரையும் விலங்கையும் வைத்துச் சிந்திக்கும்போது ஓர் உடலுக்கு ஓர் உயிர் என்ற கணக்கு இயல்பாகப் படுகிறது. கையை வெட்டினால் கை செத்துப்போகும். ஆள் ஒருவராகவே இருப்பார். கள்ளியோ அந்தக் கணக்கை உடைக்கிறது. அதனால்தான் கிரேக்கத்திலும் இந்தியாவிலும் உயிரைப் பற்றி ஆழ்ந்து எண்ணியவர்கள், வெட்டினால் முளைக்கும் செடியைக் கண்டு நின்று யோசித்தார்கள்.

துண்டுக்குள் நடப்பது

முதலில் எந்தக் கள்ளி என்பதைத் தெளிவாக்க வேண்டும். சங்கப் பாடல்களில் பாலை நிலத்திலும் சுடுகாட்டிலும் வரும் கள்ளி, ஒடித்தால் பால் வடியும் வேறு குடும்பம். சப்பாத்திக்கள்ளியும் நிஷாகந்தியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த காக்டஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா என்ற ஒரே இனம்தான் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகக் காணப்படுகிறது.

இக்குடும்பத்தின் அடையாளம் முள் அன்று. முள் முளைக்கும் இடம். தண்டின் மேல் பஞ்சு போன்ற சிறு திட்டுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு திட்டும் சுருங்கி அடங்கிய ஒரு கிளை. முள்ளும் பூவும் புதுத் தண்டும் அதிலிருந்தே கிளம்பும். ஆகவே திட்டு உள்ள ஒவ்வொரு துண்டிலும் முழுச்செடி ஆகும் ஆற்றல் உறங்குகிறது.

நிஷாகந்தியில் இதைக் கண்ணாலேயே காணலாம். அதில் இலை போலத் தட்டையாக இருப்பது இலையன்று, தண்டு. ஓரங்களில் அலை அலையாக வெட்டுகள் இருக்கும். ஒவ்வொரு வெட்டின் இடுக்கிலும் ஊசிமுனை அளவில் ஒரு புள்ளி தெரியும். மொட்டு அந்த இடுக்கிலிருந்துதான் எட்டிப்பார்க்கும். சில வாரங்களில் வளைந்த காம்பில் நீண்டு, ஓர் இரவில் விரிந்து, விடிவதற்குள் தொங்கிப்போகும். பூத்த இரவில் விளக்கேற்றி வணங்கும் வீடுகள் உண்டு. பூவின் உள்ளே பாம்பணையில் பெருமாள் பள்ளிகொண்ட கோலத்தைக் காண்பவர்களும் உண்டு. மெக்சிகோவிலும் நடு அமெரிக்காவிலும் மரக்கிளைகளில் தொற்றி வாழும் செடி, கையிலிருந்து கைக்குத் துண்டு துண்டாக மாறி, தமிழ்நாட்டு முற்றங்களில் தெய்வக் காட்சியாகிவிட்டது.

துண்டு வேர் பிடிக்கச் சில நிபந்தனைகள் உண்டு. கத்தி சுத்தமாக இருக்க வேண்டும். வெட்டுவாய் காய்ந்து தழும்பு கட்டும் வரை நடக்கூடாது. மெல்லிய துண்டுக்கு நான்கைந்து நாள் போதும், தடித்த தண்டுக்கு இரண்டு வாரம்கூட ஆகும். ஈரக் காயத்தோடு நட்டால் அழுகிவிடும். பருமணல், செங்கல் பொடி, சிறிதளவு மட்கிய உரம் கலந்த கலவை பாலைக் கள்ளிகளுக்குப் பொருந்தும். மரத்தில் வாழும் நிஷாகந்திக்கு மட்கு கூடுதலாகவும் வெயில் குறைவாகவும் வேண்டும். வேர் விடும்வரை தண்ணீர் மிகக் குறைவாகவே தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, துண்டின் அடி அடியாகவே இருக்க வேண்டும். தாயிடமிருந்து பிரிந்த பின்னும் துண்டு தன் மேல் கீழை மறப்பதில்லை. வேர் பழைய அடிப்பக்கத்தில்தான் எளிதில் இறங்கும்.

இந்தக் கடைசிச் செய்தி தத்துவத்துக்கு முக்கியம். துண்டு வெறும் சதைப் பிண்டம் அன்று. ஒழுங்கு கெடாத ஓர் உடல். மண்ணில் விழுந்த விதையைப் போல அது முதலிலிருந்து தொடங்குவதில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வாழ்வைத் தொடர்கிறது.

நான்கு விடைகள்

அரிஸ்டாட்டில் தம் ஆன்மா பற்றிய நூலில், வெட்டிய பின்னும் செடிகள் வாழ்வதைச் சுட்டுகிறார். அவர் முடிவு இது: செடியின் ஆன்மா நடப்பில் ஒன்று, ஆற்றலில் பல. இரண்டாம் உயிர் வெளியிலிருந்து வரவில்லை. முன்னமே மறைந்திருந்ததும் இல்லை. ஆகக்கூடியதாக இருந்தது, வெட்டியதும் ஆனது. கள்ளித் திட்டின் தன்மைக்கு இவ்விடை நெருக்கமாகப் பொருந்துகிறது. ஆனால் ஆகக்கூடியது ஆனதாக மாறும் கணம் எது என்பதை அது சொல்லவில்லை.

சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் இயலில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு மரத்தைக் காட்டிப் பாடம் சொல்கிறார். மரம் முழுவதும் உயிர் பரவி நிற்கிறது. எந்தக் கிளையை உயிர் விட்டு நீங்குகிறதோ அந்தக் கிளை காய்கிறது. ஒடிந்து காயும் மாங்கிளைக்கு இது சரி. ஒடிந்தும் காயாத கள்ளிக் கிளையை உயிர் விட்டு நீங்கவில்லை என்றே கொள்ள வேண்டும். அப்படியானால் உயிர் இரண்டாகப் பிளந்ததா? ஆன்மா பிளவுபடாதது என்பவர்களுக்கு இரண்டு வழிகளே உண்டு. பிரிந்த உடலில் வேறோர் ஆன்மா குடியேறியது எனலாம். அல்லது அத்வைதிகளைப் போல, உயிர் என்றும் ஒன்றே, குடத்துக்குள் ஆகாயம் தனியாகத் தோன்றுவதுபோல உடல்களால் பலவாகத் தோன்றுகிறது எனலாம். இரண்டாம் விடை கள்ளிச் சிக்கலை எளிதாகக் கரைத்துவிடுகிறது. ஆனால் தாயின் துண்டுக்கும் தாயின் விதைக்கும் உள்ள வேறுபாட்டையும் சேர்த்தே கரைத்துவிடுகிறது.

சமணர்களின் விடை நான்கிலும் நுட்பமானது. செடிகொடிகளைத் தொடுவுணர்வு மட்டும் உள்ள ஓரறிவுயிராக அவர்கள் வகுத்தார்கள்; தொல்காப்பிய மரபியலும் புல்லையும் மரத்தையும் ஓரறிவில்தான் வைக்கிறது. அதற்கு மேலும் சமணர் ஒரு பிரிவு செய்தனர்: உடலுக்கு ஓர் உயிர் உள்ள செடிகள், எண்ணற்ற உயிர்கள் ஓருடலைப் பகிர்ந்து வாழும் செடிகள். பத்தாம் நூற்றாண்டில் நேமிசந்திரர் செய்த கோம்மடசாரத்தில் இரண்டாம் வகைக்குத் தரப்படும் அடையாளங்களில் ஒன்று, வெட்டினாலும் மறுபடி முளைப்பது. கிழங்குகளைச் சமணர் உண்ணாமல் விலக்குவதன் பின்னுள்ள எண்ணமும் இதுவே. வெட்டி நட்டால் வளர்வது என்ற கண்கூடான செய்தியிலிருந்து, உயிர் அங்கே ஒன்றாக இருக்க முடியாது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். தோட்டக்காரரின் அனுபவத்தை இவ்வளவு கனமாக எடுத்துக்கொண்ட மரபு வேறு அரிது. ஆனாலும் ஒரு தடை எழுகிறது. ஒட்டி நிற்கும்போது அந்த எண்ணற்ற உயிர்கள் ஒரே செடியாக ஒத்து வளர்வது ஏன், ஒரே இடுக்கில் ஒரே பூவாக மலர்வது ஏன் என்பதற்குத் தனி விளக்கம் தேட வேண்டியிருக்கிறது.

பௌத்தம் உயிரின் எண்ணிக்கையைத் தேடவில்லை. துறவியர் செடிகொடிகளை அழிக்கக்கூடாது என்ற விநய விதி, செடி பெருகும் வழிகளை ஐந்தாக வகுக்கிறது: வேர், தண்டு, கணு, நுனித் துண்டு, விதை. பதியன் போடுபவரின் பட்டியல் அறநூலில் அப்படியே இடம்பெற்றிருக்கிறது. மறுபிறப்பில் பிறப்பவர் அவரேயா வேறா என்று மிலிந்த அரசன் கேட்க, அவரும் அல்லர், வேறும் அல்லர் என்று துறவி நாகசேனர் விடை சொன்னதாக மிலிந்தபஞ்ஹம் என்ற நூல் கூறுகிறது. ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றும் உவமையும் அங்கே வருகிறது. கள்ளித் துண்டுக்கு இந்த உவமை அச்சாகப் பொருந்தும். சுடர் இங்கிருந்து அங்கே போகவில்லை. ஆனால் இதில்லாமல் அது இல்லை.

விதையும் ஒட்டும்

துண்டின் தன்மை தெளிய, விதையையும் ஒட்டையும் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். விதைக்குத் தாயும் தந்தையும் உண்டு. மரபு கலந்து, முன் இருந்திராத ஒன்று பிறக்கிறது. துண்டில் கலப்பில்லை. தாய்க்கு இருந்த நிறமும் வடிவமும் துண்டுக்கும் வரும். தாய்க்கு இருந்த வைரஸ் நோயும் கூடவே வரும். விதை பிறப்பு; துண்டு தொடர்ச்சி. அரிசோனாவின் சில சோல்லாக் கள்ளிகளில் மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் இருப்பதால் முளைக்கும் விதை அரிது. முள் கொத்தோடு உதிரும் கணுக்கள் விலங்குகளின் ரோமத்தில் ஒட்டிப்போய் விழுந்த இடத்தில் வேர் விடுகின்றன. ஒரு மேடு முழுக்க நிற்கும் கூட்டம், மரபளவில் ஒரே செடியாக இருக்கலாம்.

ஒட்டு எதிர்த் திசையில் போகிறது. தொட்டிக் கடைகளில் பச்சைத் தண்டின் மேல் சிவப்பு, மஞ்சள் உருண்டையாக விற்கப்படுவது ஜப்பானில் 1940-களில் உருவான வகை. உருண்டையில் பச்சையம் இல்லை. தானாக உணவு செய்ய முடியாது. கீழே உள்ள டிராகன் பழக் கள்ளித் தண்டு செய்யும் உணவில்தான் அது வாழ்கிறது. மேலுள்ளதைத் தனியே நட்டால் சாகும். இங்கே இரண்டு மரபுகள், ஒரே பிழைப்பு. துண்டில் ஒரே மரபு, இரண்டு பிழைப்புகள்.

இந்த ஒப்பீடு சிக்கலின் முடிச்சைக் காட்டுகிறது. ‘அதே’ என்ற சொல் இரண்டு வேறு செய்திகளைச் சுமக்கிறது. ஒன்று மரபு: எந்த ஓட்டத்திலிருந்து வந்தது என்பது. மற்றொன்று வாழ்வு: எதன் பிழைப்பில் எது நிற்கிறது என்பது. மனித உடலில் இவ்விரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் ஒரே சொல் போதுமானதாக இருந்தது. கள்ளியில் அவை பிரிகின்றன. மரபால் துண்டு தாயேதான். வாழ்வால், தாய் அழுகினாலும் தான் நிற்கும் நாள் முதல், அது வேறு. அந்த நாளுக்கு முன், நிழலில் காய்ந்துகொண்டிருக்கும் துண்டு தாயின் தண்ணீரை உள்ளே வைத்துப் பிழைக்கிறது. தனக்கென வேர் இல்லை. அந்த இடைவேளையில் ஒன்றா இரண்டா என்று கேட்டால் தீர்ந்த விடை கிடையாது. பகலுக்கும் இரவுக்கும் நடுவே அந்தி இருப்பதுபோல, ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே அந்தத் துண்டு கிடக்கிறது. உயிரை எண்ணுவதில் எல்லாவற்றுக்கும் கூர்மையான எல்லை இருந்தே தீர வேண்டும் என்பது மனித உடலைப் பார்த்துப் பழகிய எதிர்பார்ப்பு. அதைக் கைவிடக் கற்பிப்பதுதான் கள்ளி தரும் பாடம்.

வெட்டுவதன் அறம்

வெட்டுவது தீங்கா என்ற கேள்வி எஞ்சுகிறது. சமண, பௌத்தத் துறவியருக்குச் செடியை வெட்டுவது விலக்கு. இல்லறத்தார்க்கு அளவுகோல் வேறு: வெட்டுவது எதற்காக, வெட்டியதை என்ன செய்வது என்பதே. காயம் ஆற நாள் கொடுப்பது, அழுகாத மண் கலப்பது, அடியை அடியாக நடுவது எல்லாம் வெறும் நுட்பங்கள் அல்ல. வெட்டிய கை ஏற்கும் பொறுப்புகள். கண்ட இடத்தில் எறியும் துண்டும் தீங்காகலாம். ஆஸ்திரேலியாவில் கொண்டுபோய் வைத்த சப்பாத்திக்கள்ளி துண்டிலும் விதையிலும் பரவி, 1920-களின் நடுவில் சுமார் 2.4 கோடி ஹெக்டேர் நிலத்தை மூடியது. அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவந்த அந்துப்பூச்சியின் புழுக்களே அதை அடக்கின.

இன்னொரு பக்கம், ஆசைக்காகக் காட்டிலிருந்து பிடுங்கி விற்பதால் கள்ளி இனங்கள் அழிகின்றன. 2015-இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி கள்ளி இனங்களில் 31 விழுக்காடு அழிவின் அச்சுறுத்தலில் உள்ளன. ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்குக் கொடுக்கும் துண்டு, காட்டில் ஒரு செடியைப் பிடுங்கும் தேவையைக் குறைக்கிறது. விதை போட்டு வளர்ப்பது அதனினும் நல்லது. துண்டு ஒரு மரபைக் காக்கும், விதை இனத்தின் பன்மையைக் காக்கும்.

துண்டு கொடுக்கும் வழக்கத்தில் ஒரு நிகழ்வு அடிக்கடி நேர்கிறது. மழையில் தாய்ச்செடி அழுகிப்போகிறது. முன்பு அதிலிருந்து துண்டு வாங்கிப்போன வீட்டிலிருந்து ஒரு துண்டு திரும்ப வருகிறது. ‘நம்ம செடிதான், திரும்பி வந்துடுச்சு’ என்பார்கள். மரபால் அது முழு உண்மை. வாழ்வால் பார்த்தால் அழுகிய செடி அழுகியதுதான். வந்திருப்பது வேறு தொட்டியில், வேறு கைகளில், வேறு கோடைகளைக் கண்டு வளர்ந்தது. இரண்டும் மெய். அதன் இடுக்கில் வரும் மொட்டுக்கு இந்த வேறுபாடு தெரியாது. பழைய செடியில் விரிந்தபடியே இரவில் விரியும்.