தண்டமும் கழுவாயும்

பிறர் இடுந் தண்டம் பாவத்திற்குக் கழுவாயாகுமோ என்னும் வினாவிற்கு, நதானியேல் ஹாதார்ன் 1850-இல் வெளியிட்ட 'செவ்வெழுத்து' என்னும் ஆங்கில நாவல் விடை பகர்கின்றது.

17-ஆம் நூற்றாண்டின் பாஸ்டன் நகரிலே, கற்புநெறி பிறழ்ந்த ஹெஸ்டர் பிரின் என்பாள், குற்றக்குறியாக 'ஏ' என்னும் செவ்வெழுத்தை மார்பில் அணியுமாறு விதிக்கப்பட்டாள். அவள் அதனை யாவருங் காணத் தாங்கி, வறியார்க்கும் பிணியாளர்க்கும் தொண்டு புரிந்தாள்; நாளடைவில் ஊராரிற் பலர் அவ்வெழுத்திற்கு 'ஆற்றலுடையாள்' என்றே பொருள் கொண்டனர். அக்குற்றத்திற் பங்குடைய போதகர் டிம்ஸ்டேலோ, அதனை ஏழாண்டு நெஞ்சில் ஒளித்தார். ஊரார் போற்றுந்தோறும் உள்ளம் நைந்து, இறுதியில் தண்டமேடையேறி உண்மையை வெளியிட்டு உயிர் நீத்தார்.

எழுத்து மாறிற்றில்லை, அணிந்தாளின் ஒழுக்கமே அதன் பொருளை மாற்றிற்று. பின்னாளில், வற்புறுத்துவார் இன்றியும் அவள் அதனைத் தானே மீண்டும் அணிந்தாள். ஆகலின், பிறர் இட்ட தண்டம் புறத்தே நிற்பது. வினைப்பயனைத் தானே ஏற்று நிற்றலே அகத்தைத் தூய்தாக்குவது என்க.